புங்கந்தாங்கலில் பெயர் சொல்லி அழைத்தவர்

மருத்துவச்சி சூசையம்மாள் கடந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார். அன்று பிற்பகல் அவர் அடக்கம் செய்யப்படும் வரை, புங்கந்தாங்கல் ஏரியிலிருந்து குடிநீர் பெறும் ஊர்களில் ஒரு தெருக்குழாயும் திறக்கப்படவில்லை. இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் ஏரியின் நீரேற்று நிலையத்து ஓவர்சியர். காலையில் மேல்தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர் மாலை வரை அப்படியே நின்றதாம். "யாரும் மூடச் சொல்லலை சார். பிடிக்க வரலை, அவ்வளவுதான்" என்றார்.

மரணச் செய்தி அதற்கு முன்பே உத்திரமேரூர் பஸ் கண்டக்டர் மூலம் எனக்கு வந்துவிட்டது. அதைக் கேட்டபோது வருத்தம் இருந்தது; வியப்பு இல்லை. குழாய்ச் செய்தியைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வட்டாரத்தில் அவர் கையில் பிறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்ததுதான். தெரியாத பாதியை, நான் கேட்டபடியும் பார்த்தபடியும் சொல்கிறேன்.

புங்கந்தாங்கல் முன்பு சிறிய பாசன ஏரி. ஐம்பதுகளில் அதன் கரையை உயர்த்தி, சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கமாக மாற்றினார்கள். புதிதாகத் தண்ணீர் பரவும் இடத்தில் ஒரு சேரி இருந்தது. நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து இருந்தவர்கள். அவர்களுக்கு மேட்டில் மனை கொடுத்தார்கள். அதற்கு மேட்டுக்காலனி என்று பெயர் வந்தது. சேரியோடு சேர்ந்து அதன் இடுகாடும் தண்ணீருக்குள் போயிற்று. சூசையம்மாள் அந்தச் சேரிக்காரர்.

ஏரி நிறைந்த பிறகு வந்த முதல் கோடையில் நான் செய்தி சேகரிக்க அங்கே போனேன். குழாய்களைத் திறந்துவைத்தபோது போட்ட மாலை வாடுவதற்குள், அவற்றில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை என்ற தகவல் காஞ்சிபுரத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துவிட்டது. கிணறுகள் வற்றியிருந்தன. வாந்திபேதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் வாசலில் இருந்த குழாயைத் தாண்டிக் குட்டைக்கு நடந்து, மாடு இறங்கிய தண்ணீரைப் புடவைத் துணியில் வடிகட்டி எடுத்து வந்தார்கள்.

குடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, வாசல்லயே பைப்பு இருக்கே?" என்று கேட்டேன்.

"கீது. இருக்கட்டும்."

"தண்ணி நல்லாத்தானே வருது?"

"நல்லா கீதுன்னா நீ குடியேன். உன்ன யாரு வாணாங்கறா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "பேப்பர்க்காரரே, உச்சி வெயில்ல ஏரிக்கரைல போய் நின்னு பாரு. அப்பால வந்து எங்களக் கேளு" என்றார்.

போய் நின்றேன். காற்று இல்லை. தண்ணீர் தகடு போலக் கிடந்தது. இடுகாடு இருந்த பக்கத்தில், தலை வெட்டப்பட்ட பனைகளின் கட்டைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை மார்பிலிருந்து விலக்கினால், அழுகைக்கு முன் ஒரு முனகல் வருமே, அது. கட்டைகளுக்கு நடுவே ஓரிடத்தில் எழுந்து அடங்கியது. வேறோர் இடத்தில் எழுந்தது.

ஓவர்சியர் அப்போது இளைஞர். குழாய்க்குள் காற்று அடைத்தால் இப்படிச் சத்தம் வரும் என்று எனக்கு விளக்கினார். நான் நம்புவதற்காக, என் கண்ணெதிரிலேயே வால்வை இறுக்கி மூடினார். இருவரும் காத்திருந்தோம். சத்தம் நிற்கவில்லை. அவர் வால்வைத் திரும்பத் திறந்துவிட்டு, "சரி சார், சாப்பிடப் போலாமா?" என்றார். அந்தச் சத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர் என்னிடம் பேசவில்லை.

சூசையம்மாளை அன்று மாலை பார்த்தேன். உயரமானவர். உள்ளங்கைகள் ஆண்களுடையதைவிட அகலம். ஒரு பிரசவம் முடிந்து வந்து, துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

"கேட்டியா நைனா?"

"கேட்டேன்."

"எத்தினி கேட்டுது?"

"எத்தனை என்றால்?"

"கொயந்தைங்க. எத்தினின்னு புரியலியா உனுக்கு? எனுக்குத் தெரியும். எல்லாம் என் கைல பொறந்ததுங்க."

பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். சேரியை விட்டு வந்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் இடுகாட்டுக்குப் போனது. இறந்தவரின் தலைமாட்டில் ஒரு பிடி மண் எடுத்து, அவர் பெயரைச் சொல்லி, "வூடு மாத்திக்கினு போறோம், வா" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு நடந்தார்கள். அந்த மண்ணைப் புது இடுகாட்டில் போட்டார்கள். இந்துக் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் இதை ஒன்றாகவே செய்தன. கிறிஸ்தவர்கள் உபதேசியாரிடம் ஒரு ஜெபமும் சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா, பாட்டி, புயலில் செத்தவன், பாம்பு கடித்தவள், யாரையும் விடவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பனைமரங்களுக்கு அடியில், தனியாக ஓர் ஓரத்தில், பெயர் வைப்பதற்கு முன்பே இறந்த குழந்தைகளைப் புதைப்பது வழக்கம். அங்கே மேடும் இல்லை, கல்லும் இல்லை. பெயர் இல்லாததால் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? கரை உயர்ந்தது, மழை வந்தது, தண்ணீர் ஏறியது.

"பேரு வெக்கிறதுக்கு மின்னால போய்ட்டா, அது வந்துச்சின்றதுக்கே சாட்சி கெடயாது நைனா" என்றார் சூசையம்மாள். "பெத்தவ ஒருத்தி, புடிச்சவ ஒருத்தி. அவ்ளோதான்."

அவருடைய கடைசிப் பிள்ளையும் அங்கேதான் இருந்தது. இதை அவராக அன்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

அந்தக் கோடையில் ஏரித் தண்ணீரைக் காலனிக்காரர்களும் குடிக்கவில்லை, பக்கத்தில் மேல்சாதிக்காரர்கள் இருந்த பெரிய ஊரிலும் குடிக்கவில்லை. காலனிக்காரர்களுக்கு அது தங்கள் பிள்ளைகள் கிடக்கும் தண்ணீர். பெரிய ஊரில் வேறு காரணமும் சேர்ந்துகொண்டது: சேரி இடுகாட்டுத் தண்ணீர் என்றார்கள். காரணம் எதுவானாலும், சாவு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வந்தது. பெரிய ஊரின் கோவிந்தசாமி நாயக்கர், அன்று ஊராட்சித் தலைவராக இருந்தவர், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த தன் பேத்தியை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தார். சில நாள் கழித்து அவர் மேட்டுக்காலனிக்கு நடந்து வந்து, சூசையம்மாள் வீட்டெதிரில் தெருவில் நின்றார். அதுவரை அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

"சூசம்மா, இதுக்கு இன்னா பண்ணலாம் சொல்லு. மிச்சம் இருக்கறதுங்களாவது பொயைக்கணும்."

"குந்துங்க" என்றார் சூசையம்மாள். நாயக்கர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே சூசையம்மாள் காலனிப் பெண்களைக் கூப்பிட்டார். "பேரு வெச்சி கூட்டிக்கினு வந்துடலாம். நாளைக்கி உச்சி வெயில்ல. அவங்கவங்களுக்கு இன்னா பேரு வோணும்னு எங்காதுல சொல்லுங்க" என்றார்.

மறுநாள் நானும் போயிருந்தேன். கரையில் காலனிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் தள்ளி நின்றார்கள். சூசையம்மாள் மட்டும் தண்ணீரில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் பனங்கட்டைகளை நோக்கி நடந்தார். ஒவ்வொரு கட்டையருகிலும் நின்று, சொன்ன பெயரைச் சொல்லி, "வா, வூட்டுக்குப் போவலாம்" என்றார். பிரசவத்தின்போது பேசும் அதே குரல். கரையில் இருந்த தாய் முன்னால் ஓர் அடி வைப்பார். அடுத்த பெயர். எந்தக் கட்டையடியில் யாருடைய பிள்ளை என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

ஒரு கட்டையருகில் மட்டும் பெயர் சொல்லாமல் நின்றார். அது ஏழுமலையின் பிள்ளை. ஏழுமலை ஏர் ஓட்டும் கூலி. அந்தப் பிரசவத்திலேயே அவர் மனைவியும் இறந்துபோனார். அவர் சூசையம்மாள் காதில் எந்தப் பெயரும் சொல்லவில்லை. இதெல்லாம் வீண் வேலை என்று சொல்லிவிட்டு, தூரத்தில் முதுகு காட்டி நின்றார். சூசையம்மாள் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு, "தணிகாசலம், வாப்பா" என்றார்.

ஏழுமலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் இரண்டு பேரையும் தனித்தனியே விசாரித்தேன். மகன் பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயர் அது என்றார் ஏழுமலை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம். சூசையம்மாளோ, "வாயில வந்துச்சி, சொன்னேன்" என்றதோடு சரி. இதற்கு மேல் இரண்டு பேரிடமிருந்தும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அழைத்து முடித்ததும் சூசையம்மாள் கரையேறி வந்து, "திரும்பிப் பாக்காம நடங்க" என்றார். பெண்கள் கைவீசிப் புறப்பட்டார்கள். அவர் அதட்டினார். "அடியே, இன்னா நடை இது? பச்சக் கொயந்தைங்க நடக்குமா? தூக்கிக்கினு போங்கடி!" உடனே எல்லோரும் இடக்கையை வளைத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வளைத்த கையில் எதுவும் இல்லை. ஆனால் நடை மாறிவிட்டது. இடுப்பில் பிள்ளை இருக்கும் பெண்களின் நடை. ஏழுமலையும் கையை வளைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். சென்னைக்குப் பிழைக்கப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு ஆள் இல்லை. சூசையம்மாள் என்னைப் பார்த்தார். "நைனா, இத்த நீ தூக்கிக்கினு வா. தலைக்குக் கை குடு." கொடுத்தேன். என் கையில் கனம் இருந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று என்னால் எழுத முடியவில்லை.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனவே அது எதனால் என்று சொல்ல இயலாது. புது இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒன்றைக் கவனித்தேன். கரையில் மட்டுமே நின்றிருந்த பெண்களின் புடவைகள் இடது இடுப்பில் ஈரமாக இருந்தன. ஒரு பெண்ணிடம் காட்டிக் கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"கொயந்தன்னா நனைக்காதா பின்ன?"

அன்றே சூசையம்மாள் பெரிய ஊர்க் குழாயடிக்குப் போனார். எல்லோரும் பார்க்க, கைகுவித்து வயிறு நிறையக் குடித்தார். "தோ பாருங்க, நான் செத்தா, எனுக்கு அப்புறம் யாரும் குடிக்காதீங்க" என்றார். அடுத்துக் குடித்தவர் நாயக்கர். மறுநாள் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. சில வாரங்களில் வாந்திபேதி அடங்கியது. மணல் வடிகட்டியும் பிளீச்சிங் பவுடரும் காரணம் என்று ஓவர்சியர் சொன்னார். அது சரியாகவே இருக்கலாம்.

ஆனால் ஏரி முழுதும் அமைதியாகிவிடவில்லை. அடுத்த முறை போனபோது உச்சி வெயிலில் கரையில் நின்றேன். ஒரே ஒரு முனகல் கேட்டது. ஒரே இடத்திலிருந்து. சூசையம்மாளிடம் சொன்னேன்.

"எனுதுதான்" என்றார்.

"நீங்கள் கூப்பிடவில்லையா?"

"எல்லாத்தியும் கூட்டிக்கினு வந்துட்டா தண்ணிக்கி யாரு நைனா? இத்தினி ஊரு குடிக்குது. ஒருத்தராவது பாத்துக்க வாணாமா? பெத்தவளுங்க கிட்ட உன் புள்ளய உட்டு வையின்னு நான் எப்டி கேக்கறது? அதான் எனுத உட்டு வெச்சேன்."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும், பிரசவ வேலை இல்லாவிட்டால், உச்சியில் அவர் கரைக்குப் போவார். சில முறை நானும் கூட இருந்திருக்கிறேன். உருக்கமாக எதுவும் பேசமாட்டார். பெரும்பாலும் திட்டுவார். "மதகாண்ட போவாத. எத்தினி வாட்டி சொல்றது?" என்பார். ஒரு வருடம், "இந்நேரம் பள்ளிக்கூடம் சேத்திருக்கணும்" என்றார். இன்னொரு முறை, "ராத்திரில இருமிக்கினு கீது" என்று கவலைப்பட்டார். ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. குடம் வைப்பதற்கு முன் குழாயைத் திறந்து முதல் கை நீரைத் தரையில் விடுவார்கள். ஏன் என்று கேட்டால், "புள்ளைக்கி" என்பார்கள். ஏரியில் மாடு கழுவ மாட்டார்கள். கரையோரம் யாரும் காலைக்கடனுக்கு ஒதுங்குவதில்லை. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த ஏரிகளில் இவ்வளவு சுத்தமாக இருப்பது வேறொன்றில்லை.

சென்ற ஆண்டு கடைசியாக அவரோடு கரையில் நின்றேன். பார்வை குறைந்து, மருமகள் அற்புதத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த இடத்திலிருந்து சத்தம் எழுந்தது. நான் முதலில் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முனகல் இல்லை அது. தாழ்ந்து, நடுவில் பிசிறி, மறுபடி தாழ்ந்த ஒரு குரல். சூசையம்மாளைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? கொரலு ஒடைஞ்சிடுச்சி" என்றார், சற்றுப் பெருமையோடு. "அந்த வயசு தான நைனா."

நீர்மட்டம் மாறினால் ஓசையும் மாறும் என்று ஓவர்சியர் சொன்னார். இதை அவரிடம் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

அடக்கத்துக்கு மறுநாள் மேட்டுக்காலனிக்குப் போனேன். சூசையம்மாளின் மகன் சென்னையில் கூலி வேலை செய்கிறவர். வந்து, மண் போட்டுவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அற்புதம்தான் என்னிடம் பேசினார். இறப்பதற்கு முன் மாமியார் அவரைக் குனியச் சொல்லி, காதில் ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார். "தண்ணி எறங்கினதும் போய்க் கூப்டு. நான் போற எடத்துக்கு அது வரணும். நான் பட்டது போதும்" என்றாராம்.

நான் அங்கே இருக்கும்போதே கோவிந்தசாமி நாயக்கர் வந்தார். தளர்ந்துவிட்டார். கூட நாலைந்து பேர். இந்த முறை அவராகவே உட்கார்ந்தார்.

"அற்புதம், ஊரு பேசிச்சிம்மா. அத்த கூப்டாத. அது அங்கயே இருக்கட்டும்."

"அவங்க சொல்ட்டுப் போய்ட்டாங்க, நாயக்கரே."

"சொன்னாங்க, சரி. இத்தினி வருசத்துல இந்தத் தண்ணியக் குடிச்சி ஒரு உசுரு போச்சா? அது போய்ட்டா நாளைக்கி எவன் மாடு எறக்குவான், எவன் இன்னா பண்ணுவான். யாரு கேக்கறது? எம்பேத்தி போன வருசம் ஞாபகம் கீதா உனுக்கு?"

"கீது. அந்த வருசம் எங்க தெருவுலயும்தான் செத்தாங்க." அற்புதத்தின் குரல் உயரவில்லை. "ஊருக்குக் காவல் வோணும்னா ஊருலதான் எவ்ளோ வூடு கீது. எங்க வூட்டுப் புள்ளயே எதுக்கு?"

நாயக்கர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது, "யோசிச்சி செய்ம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது.

சூசையம்மாளிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. விபத்து, வெள்ளம், தீ என்று எந்தச் செய்தியானாலும் 'பெயர் தெரியாத ஒருவர்' என்று எழுதிவிட்டு எழுந்திருக்க என்னால் முடிவதில்லை. இன்னும் ஒரு தெரு நடந்து, இன்னும் ஒருவரைக் கேட்டுப் பார்ப்பேன். கிடைக்காமல் போவதும் உண்டு. கேட்காமல் விட்டதில்லை. அவர் கைபட்ட ஆயிரம் பேரில் என்னையும் ஒருவனாகச் சொல்லிக்கொள்ள அதுவே எனக்குப் போதும்.

மற்றது, அந்தப் பிள்ளையை அழைப்பது, நிலுவையில் இருக்கிறது. ஏரியில் இப்போது தண்ணீர் அரைக்கு மேல் நிற்கிறது. கோடை வழக்கம் போல் இருந்தால், சித்திரைக் கடைசியில் பனங்கட்டைகள் வரை இறங்கிப் போக முடியும் என்று ஓவர்சியர் கணிக்கிறார். போவதா வேண்டாமா என்று அற்புதம் எனக்குச் சொல்லவில்லை. விடைபெறும்போது என்னைத்தான் ஒன்று கேட்டார். "அவங்க காலத்துல எல்லாம் கைக்கொயந்தைங்க, தூக்கிக்கினு வந்துட்டாங்க. இது வளந்த புள்ள. வளந்ததெல்லாம் அந்தத் தண்ணில. நான் கூப்ட்டா வருமா நைனா?"